தண்ணீர் போகும் தூரம்

கீரை அலசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஆய்ந்த கீரையைப் பாத்திரத்தில் அலசி, தண்ணீரோடு அப்படியே வடிதட்டில் கவிழ்ப்பவர்கள் ஒரு வகை. கீரையைக் கையால் அள்ளி எடுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கொட்டுபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையார் வீட்டு மசியலில்தான் பல்லில் மண் நறநறக்கும். அடியில் படிந்த மண்ணைத் திரும்பவும் கீரையின் தலையிலேயே ஊற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான். அகலமான பாத்திரமும் மூன்று நான்கு தண்ணீரும் இருந்தால் சிறுகீரையும் அடங்கிவிடும். அலசியபின் நறுக்குவதே முறை. நறுக்கிவிட்டு அலசினால், நீரில் கரையும் வைட்டமின் சி போன்றவற்றில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகும்.

மண் கண்ணுக்குத் தெரிகிறது. இன்றைய பயமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பூச்சிமருந்தைப் பற்றியது.

அந்தப் பயத்தில் அப்பாவிகளும் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையில் சாம்பல் பூத்ததுபோல் ஒரு படலம் இருக்கும். ‘மருந்தைப் பார்த்தாயா?’ என்று அதைத் தேய்தேய் என்று தேய்ப்பவர்கள் பலர். அது பழம் தானே பூசிக்கொண்ட மெழுகு. ஈரம் வற்றாமல் காக்கிறது. மருந்தின் மிச்சமோ பெரும்பாலும் பார்வைக்கே சிக்காது.

2020இல் கொரோனா பயம் உச்சத்தில் இருந்தபோது தக்காளிக்கும் சோப்புக் குளியல் நடந்தது. காய்கறிக்குச் சோப்போ கிருமிநாசினியோ வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்ல வேண்டி வந்தது. தோலின் நுண்துளைகளில் சோப்பு தங்கிவிடும். பிறகு அதுவும் வயிற்றுக்குத்தான் போகும்.

அப்படியானால் எதில் கழுவுவது? 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளில் இரண்டு மருந்துகளைத் தடவிப் பார்த்தார்கள். வெறும் தண்ணீரையும் பிளீச்சிங் கரைசலையும்விட, நம் வீட்டு ஆப்ப சோடா நன்றாக வேலை செய்தது. லிட்டருக்கு 10 கிராம், அதாவது சுமார் இரண்டு தேக்கரண்டி. ஊறிய நேரம் 12 முதல் 15 நிமிடம். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லியில் 20 சதவீதம் தோலைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. அந்தப் பங்கைச் சோடாவால் தொட முடியவில்லை. தோலைச் சீவினால் கொஞ்சம் போகும். கூடவே தோலில் உள்ள நார்ச்சத்தும் போகும்.

அடுக்களையின் அதிகாரம் அந்தத் தோலோடு முடிகிறது. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் செடியின் சாற்றிலேயே ஏறி ஓடுபவை. உப்பு, மஞ்சள், புளி, வினிகர் என்று எதில் ஊறவைத்தாலும் சாற்றில் கலந்தது வெளியே வராது. மோனோகுரோட்டோபாஸை 2005இலேயே காய்கறிகளுக்குத் தடை செய்ததுபோன்ற முடிவுகள்தான் அங்கே செல்லுபடியாகும். 2015இல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் நஞ்சு என்று கேரளம் குரல் எழுப்பியபோது, அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘வெஜி வாஷ்’ கலவையும் பேச்சில் அடிபட்டது. கழுவும் கலவைக்குக் கிடைத்த கவனத்தில் பாதியாவது, விவசாயி எந்த மருந்தை அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு அடித்தார் என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கலாம்.

காலிஃபிளவர் விஷயம் வேறு. மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீர் அங்கே புழுவுக்காக. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. மாம்பழத்தை ஊறப்போடச் சொல்லும் பாட்டியும் சரிதான்: காம்பில் வடிந்து காய்ந்த பால் உதட்டில் பட்டால் புண்ணாகும். தக்காளி, மிளகாய்க்கு மட்டும் காம்பைக் கழுவும் முன் கிள்ளக்கூடாது. அந்த வாய் வழியே அழுக்கு நீர் உள்ளே போகும்.

வாங்கிவந்த கையோடு எல்லாவற்றையும் கழுவி ஃப்ரிட்ஜில் அடுக்குவதும் வீண்வேலை. ஈரம் இருந்தால் கொத்தமல்லி இரண்டே நாளில் கொழகொழத்துவிடும். சமைக்கும் முன் கழுவினால் போதும். கொத்தமல்லியை நாளிதழில் சுற்றிவைப்பதும் பல வீடுகளில் வழக்கம். அச்சு மையில் ரசாயனங்கள் உண்டு, உணவை நாளிதழில் பொதியாதீர்கள் என்று அதே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் சொல்லியிருக்கிறது. பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று அந்த வேலைக்குத் தாராளம்.