முன்பாரம், பின்பாரம்

பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு யோசித்ததில்லை. பஜ்ஜி, சொஜ்ஜி, சம்மதம் எல்லாம் நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆனால், டிராக்டருக்கு முன்னால் மாட்டுகிற இரண்டு இரும்புப் பல்லைத் தேர்ந்தெடுக்க எனக்கு நாலு மாசம் பிடித்தது. அதிலும் முதலில் வாங்கினது தப்பு!

கம்ப்யூட்டர் தட்டுகிறவனுக்கு டிராக்டர் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? எனக்கு வேலை அமெரிக்காவில், பென்சில்வேனியாவில். டவுனைவிட்டுத் தள்ளி வாங்கினால் வீடு மலிவு என்று கணக்குப் போட்டேன். வீட்டோடு நாலு ஏக்கர் நிலமும் சேர்ந்து வந்தது. நிலம் வந்தால் புல் வரும். டிசம்பரில் பனி வரும். இரண்டையும் சமாளிக்க 25 குதிரைசக்தியில் ஒரு குட்டி டிராக்டர் செகண்ட் ஹாண்டில் வந்தது. முன்பக்கம் இரண்டு கைகளை நீட்டி ஒரு பெரிய பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பேர் லோடர். மண்ணோ, பனியோ, அள்ளிக் கொட்டிவிடும்.

வினை வந்தது அடுப்பு ரூபத்தில். இங்கே குளிருக்கு மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளை எரிக்கிற அடுப்பு ஒன்று உண்டு. குச்சி 18 கிலோ மூட்டையாக வரும். 50 மூட்டைகளை ஒரு மரத்தட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, லாரிக்காரர் ரோட்டோரத்தில் இறக்கிவைத்துவிட்டு, "குட் டே" சொல்லிவிட்டுப் போய்விடுவார். மொத்தம் 900 கிலோ! அங்கிருந்து ஷெட்டுக்கு மேட்டில் ஏற வேண்டும். முதல் வருஷம் 50 மூட்டையையும் தோளிலேயே சுமந்தேன். மறுநாள் ஆபீஸில் என்னைப் பார்த்த மேனேஜர், "எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாய்?" என்று கேட்டார். நிமிர முடியவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அந்த மரத்தட்டுக்கு இங்கே பேலட் என்று பேர். அதன் அடியில் நுழைத்துத் தூக்குகிற இரண்டு இரும்புப் பல்தான் பேலட் ஃபோர்க். இதில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று, பக்கெட்டின் உதட்டிலேயே கிளாம்ப் போட்டு முறுக்கிக்கொள்வது. விலை குறைவு. இன்னொன்று, பக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் சட்டத்தோடு மாட்டுவது. விலை பல மடங்கு.

நான் எதை வாங்கியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

கிளாம்ப் ஃபோர்க் பெட்டியில் '900 கிலோ தாங்கும்' என்று போட்டிருந்தது. பேலட் 900, ஃபோர்க் 900. பத்துப் பொருத்தமும் பிரமாதம்! ஜாதகத்தை மூடிவிட்டு வாங்கிவந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா கும்பகோணத்துப் பக்கம் எங்கள் கிராமத்திலிருந்து வந்திருந்தார். மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றி மில்லுக்கு ஓட்டினவர். என் ஏற்பாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏண்டா, பாரம் முழுக்க முன்னாடி தொங்குது... பின்னாடி என்ன வச்சிருக்கே?"

"பின்னாடி எதுக்குப்பா? இது மிஷின்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம் வரவேண்டும். அன்றைக்கு வரவில்லை.

முழு பேலட்டின் அடியில் பல்லைச் செருகி லீவரை இழுத்தேன். இன்ஜின் முனகியது, எங்கோ ஹைட்ராலிக் கீச்சிட்டது. பேலட் இம்மி அசையவில்லை. சரி, மூட்டைகளைக் குறைப்போம் என்று ஒவ்வொன்றாக இறக்கினேன். 20 மூட்டை பாக்கி இருக்கும்போது தூக்கிவிட்டது. "பார்த்தீங்களாப்பா!" என்று ஒரு வெற்றிப் புன்னகை. மூட்டை சரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா பக்கத்திலேயே நடந்துவந்தார்.

மேட்டில் பாதி தூரத்தில் ஒரு திருப்பம். தரை தட்டாமல் இருக்கட்டும் என்று பாரத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, ஸ்டீயரிங்கை ஒடித்தேன். சீட் மெள்ள ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தால், பின் சக்கரம் ஒன்று தரையில் இல்லை! பிரேக்கை மிதித்தேன். பிரேக் இருப்பதே பின் சக்கரங்களில்தான். அதில் ஒன்று அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாய்கிற பக்கத்தில் அப்பா நிற்கிறார். என் இடுப்பில் பெல்ட் இல்லை. தலைக்குப் பின்னால் நிற்க வேண்டிய பாதுகாப்புக் கம்பியை, ஷெட் வாசலில் இடிக்கிறது என்று மடக்கி வைத்திருந்தேன்.

"எறக்குடா கீழே!"

நடவு வயலில் பத்து பேரைக் கூப்பிடுகிற குரல் அது. கை தானாக லீவரைத் தள்ளியது. பேலட் 'தொம்'மென்று தரையில் உட்கார்ந்தது. சக்கரமும் தரைக்கு வந்தது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காலை எடுக்க முடியவில்லை. அவ்வளவு நடுக்கம்.

அப்பா திட்டவில்லை. சரிந்த இரண்டு மூட்டைகளைத் தூக்கி அடுக்கினார். அப்புறம்தான் சொன்னார். "மாட்டு வண்டியில முன்பாரம் ஜாஸ்தியானா மாட்டுக் கழுத்து நோகும். பின்பாரம் ஜாஸ்தியானா நுகத்தடி மேல தூக்கி, கழுத்துக் கயிறு இறுக்கும். மாடாவது தலையை ஆட்டிச் சொல்லும். உன் மிஷினுக்கு வாய் இல்லையே!"

அன்று ராத்திரி, வாங்கின நாளிலிருந்து பிரிக்காத டிராக்டர் புத்தகத்தைப் பிரித்தேன். வெட்கமாக இருந்தது. எல்லாம் எழுதியிருக்கிறான்! ஃபோர்க்கில் போட்டிருக்கிற 900 கிலோ, அந்த இரும்பு எவ்வளவுக்கு வளையாது என்கிற கணக்கு. என் டிராக்டர் எவ்வளவு தூக்கும் என்பது வேறு கணக்கு. மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்காமல் அவர் கட்டியிருக்கிற வேட்டியின் விலையை விசாரித்த கதை!

என் லோடரின் கை முனையில், பின் மாட்டுகிற இடத்தில், முழு உயரத்துக்கு 500 கிலோ தூக்கும். அதிலிருந்து அரை மீட்டர் முன்னால் தள்ளிப்போனால் 370தான். பேலட்டின் நடுப்பாகமோ, பல்லின் அடியிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. நீட்டின கையில் குடத்தைப் பிடிக்கிற சமாசாரம். கிளாம்ப் ஃபோர்க் இன்னும் மோசம். பக்கெட்டும் கூடவே தொங்குகிறது. பாரம் பக்கெட்டுக்கும் அப்பால் போய்விடுகிறது. போதாததற்குப் பக்கெட்டின் உதட்டையும் வளைத்துவிட்டது. தரையோடு தரையாக இருக்கும்போது லோடர் கொஞ்சம் கூடுதலாகவே தூக்கும். அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். தூக்க முடிவது வேறு, தாங்க முடிவது வேறு.

பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் போய் நின்றேன். என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ, சிரித்துக்கொண்டே, "சட்டத்தோடு மாட்டுகிற ஃபோர்க்கே வாங்கு. ஆனால், பெரிசாக வாங்காதே" என்றார். கனமான சட்டம் வாங்கினால் அந்தக் கனமும் லோடர் தூக்குகிற கணக்கில்தான் சேரும். 48 அங்குலப் பல்லுக்கு ஆசைப்பட்டேன். வேண்டாம் என்றார். இங்கே வழக்கமான பேலட் 48-க்கு 40 அங்குலம். 42 அங்குலப் பல்லே அதற்குத் தாராளம், கனமும் குறைவு. டிராக்டரின் கொக்கி எந்த மாதிரி என்று பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்கவும் சொன்னார். சில கம்பெனிகள் தங்களுக்கென்று தனிக் கொக்கி வைத்திருக்கின்றன. ஒன்றுக்கு வாங்கினது இன்னொன்றில் மாட்டாது.

நான் வாங்கின 42 அங்குல ஃபோர்க் சட்டத்தோடு 110 கிலோ. எல்லாம் கழித்துப் பார்த்தால், பாக்கி சுமார் 250 கிலோதான். அதாவது 13 மூட்டை! 50 மூட்டைக்கு நாலு நடை. நாலு மாசம் ஆராய்ச்சி செய்து, இரண்டு ஃபோர்க் வாங்கி, கடைசியில் கண்டுபிடித்தது இதைத்தான்.

பின்பாரம் அப்பாவின் பொறுப்பு. டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மணலைப் போட்டு அவரே மிதித்து இறுக்கினார். அது லோடரின் பலத்தைக் கூட்டாது; பின் சக்கரத்தைத் தரையை விட்டுக் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளும். கம்பி நிமிர்ந்தது. பெல்ட் இடுப்புக்கு வந்தது. நாலு சக்கரத்துக்கும் கியர் போட்டு, பேலட்டைத் தரையை ஒட்டினாற்போல் வைத்து, நத்தை மாதிரி ஏறினேன். யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்று நான் சட்டம் போட்டதும், அப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து நாலு நடையையும் எண்ணினார்.

அப்பா ஊருக்குத் திரும்பி ஒரு வருஷம் ஆகிறது. போன மாசம் போனில் பேசும்போது, பெரிய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், லோன் கூட பாங்க்கில் தயார் என்று பெருமையாகச் சொன்னேன்.

"லோன் எவ்வளவு குடுப்பான்?"

சொன்னேன்.

"அது அவன் தூக்குற கணக்குடா. பின்பாரம் என்ன வச்சிருக்கே?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பாஸ்புக் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பழைய கார் நன்றாகத்தான் ஓடுகிறது.