நம்ம மலையின் பேர் கொண்ட பறவை

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)



"பறவைகளைக் காப்போம்" என்று தலைப்பு கொடுத்தவுடனே பாதிப் பேர் சிட்டுக்குருவி, செல்போன் டவர் என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் கோவிச்சுக்காதீங்க. 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையில், நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி குறையவில்லை, பெரிய நகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று இருக்கிறது. டவர்தான் காரணம் என்பதற்கும் சரியான ஆதாரம் இல்லையாம். அதனால் நான் சிட்டுக்குருவியை விட்டுவிட்டு, நம்ம வேலியில் தினமும் உட்காருகிற ஒரு பறவையைப் பற்றி எழுதுகிறேன்.

அதன் பேர் பழனி சிரிப்பான். நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், பேர்தான் தெரிந்திருக்காது. மைனாவை விடக் கொஞ்சம் சின்னது. தலை கருஞ்சாம்பல், கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு, நெஞ்சு சாம்பல் நிறம், வயிறு செம்மண் நிறம். ஒன்று "பீ-கோ-கோ" என்று கத்தினால் புதருக்குள் இருந்து மற்றதெல்லாம் "கோ கோ கோ" என்று பதில் சொல்லும். கேட்க யாரோ கேலி பண்ணிச் சிரிக்கிற மாதிரியே இருக்கும். 150 வருடத்துக்கு முன்னால் ஃபேர்பாங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் நம்ம மலையில் பறவைகளைச் சேகரித்தார். 1869-இல் பிளான்ஃபோர்டு என்பவர் இந்தப் பறவைக்கு அறிவியல் பேர் வைத்தபோது அந்தப் பாதிரியார் பேரையே சேர்த்துவிட்டார். பழனி மலை, ஆனைமலை, மூணாறு, அதற்குத் தெற்கே கொஞ்ச தூரம், அவ்வளவுதான் அதன் உலகம். லண்டனில் பிறந்தவர் ஒருவர் இதைப் பார்க்க வேண்டுமென்றால் விமானம் ஏறி வர வேண்டும். நாம் பல் விளக்கும்போதே பார்க்கிறோம்.

இதைவிடக் கூச்சக்காரன் ஒருத்தன் இருக்கிறான். சோலைக்குள் இருட்டில், ஈர இலைகளுக்கு நடுவே தரையோரமாகத் தத்திக்கொண்டு திரியும் நீலப் பறவை. வயிறு மட்டும் வெள்ளை. 2017-இல் விஞ்ஞானிகள் அதன் மரபணுவைப் பார்த்துவிட்டு, இதற்கு இதுவரை வைத்திருந்த பேரினமே தப்பு என்று புதுப் பேர் வைத்தார்கள். என்ன பேர் தெரியுமா? ஷோலிகோலா. சோலையில் வசிப்பது என்று அர்த்தம். நம்ம "சோலை" என்ற வார்த்தை லத்தீன் பேருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது! எனக்கு அதைப் படித்த அன்று ரொம்பப் பெருமையாக இருந்தது.

பேர் இருக்கட்டும், சோலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் அப்பத்தா சொல்லும்: "இப்ப சீகைக்காடா நிக்குதே, அது முச்சூடும் முந்தி புல்லுதான்டி. மாடு மேய்ச்சுக்கிட்டு இங்கேருந்து பார்த்தா அந்தக் கடைசி மேடு வரைக்கும் தெரியும். பள்ளத்துல மட்டுந்தான் சோலை." நான் அது சும்மா கதை சொல்கிறது என்று நினைக்கவில்லை, ஏனென்றால் அப்பத்தா சொல்வதையே ஆராய்ச்சியாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பழனி மலையை அளந்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாற்பது வருடத்தில் நம் மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோலையும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அந்த இடத்தில் சீகை, பைன், தைல மரம் வந்துவிட்டது. விவசாய நிலமும் அதிகமாகிவிட்டது. அதில் எங்கள் அப்பாவின் கேரட் தோட்டமும் ஒரு துண்டு இருக்கும், மறைத்து என்ன ஆகப் போகிறது.

சீகை ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம். தோல் பதனிட அதன் பட்டை வேண்டும், விறகு வேண்டும், ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று நட்டார்கள். புல்வெளியைப் பார்த்தவர்களுக்கு அது சும்மா கிடக்கிற நிலம் மாதிரித் தெரிந்திருக்கிறது. மரம் நட்டால் நல்லதுதானே என்று நாமும் நினைப்போம். சுற்றுச்சூழல் தினத்துக்கு மரம்தானே நடுகிறோம்! ஆனால் நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு பறவை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில் மட்டும்தான் அது வாழும். கூடு கட்டுவதும் புல்லுக்குள் தரையிலேதான். அதற்கு மரம் வந்தால் வீடு போச்சு. கோடையில் காட்டுத் தீ வந்தால் தரையில் இருக்கிற முட்டையும் போச்சு.

பைன் காட்டுக்கு டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுக்கப் போகிறார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் மதுரையில் இருந்து வந்தபோது நானும் போனேன். வரிசை வரிசையாக மரம், பார்க்க அழகுதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், ஒன்றும் கேட்காது. கீழே பைன் ஊசி மெத்தை மாதிரிக் கிடக்கிறது. புதர் இல்லை, பழம் இல்லை, ஏதோ ஒன்றிரண்டு சின்னக் குருவி உச்சியில் கத்துகிறது. அதே தூரம் ஒரு சோலைக்குள் நடந்தால் தலைக்கு மேலே காட்டுப் புறா இறக்கை அடிக்கிற சத்தம், பக்கத்தில் சிரிப்பான் கூட்டம், எங்கேயோ தண்ணீர் சத்தம். புறா பழத்தைத் தின்று கொட்டையை வேறு இடத்தில் போடும். அப்படித்தான் அடுத்த சோலை மரம் முளைக்கும். அதாவது சோலை இல்லாமல் புறா இல்லை, புறா இல்லாமல் சோலையும் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருநாள் ராத்திரி வீட்டில், "இந்தச் சீகையை எல்லாம் வெட்டிடணும்மா" என்றேன். அம்மா அடுப்பில் சீகை விறகைத் தள்ளிக்கொண்டிருந்தது. "வெட்டிட்டு? உனக்குக் குளிக்க வெந்நி எதுல வைக்கிறது? உன் புத்தகத்துலயா?" என்றது. அப்பா சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் அம்மா கேட்டதில் தப்பில்லை. சிலிண்டர் இருக்கிறது, அது சோறு குழம்புக்கே பார்த்துப் பார்த்துத்தான். மார்கழிக் குளிரில் ஆறு பேருக்கு வெந்நீர் என்றால் விறகுதான். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெரியம்மாவும் அத்தையும் தலைச்சுமையாக எடுத்து வருவது சீகைதான். சீகை இருப்பதால்தான் அவர்கள் சோலை மரத்தில் கை வைப்பதில்லை என்றுகூடச் சொல்லலாம்.

அப்புறம் சாரிடம் கேட்டேன். விஷயம் நான் நினைத்த மாதிரி இல்லை. ஒரே நாளில் வெட்டினால் இன்னும் மோசமாகுமாம். சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ, தீப்பிடித்தாலோ, ஒன்றுக்குப் பதிலாக ஆயிரம் முளைக்கும். எங்கள் ஊருக்கு மேலே ஒரு இடத்தில் வெட்டிவிட்டுப் போனார்கள், இப்போது ஆடு நுழைய முடியாத அளவுக்கு அடர்ந்து நிற்கிறது. அதை நானே பார்த்திருக்கிறேன். இன்னொரு அதிசயமும் உண்டு. சோலைக்குப் பக்கத்தில் இருக்கிற வயசான சீகைக்காட்டுக்குள் போனால், நிழலில் சோலைக் கன்றுகள் தானாக வளர்ந்துகொண்டிருக்கும். விதை போட்டது பறவைதான். வட்டக்கானலில் பாப் ஸ்டீவர்ட், டான்யா பல்கார் என்று இரண்டு பேர் வெளிநாட்டில் இருந்து வந்து தங்கி, சோலை மரங்களுக்கு நாற்றங்கால் போட்டு வளர்த்தார்கள். இப்போது அவர்கள் உயிரோடு இல்லை. சீகைக்கு அடியிலேயே சோலை திரும்பி வருகிறது, அவசரப்பட்டு வெட்டாதீர்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம்.

அப்படியென்றால் என்ன செய்வது? மிச்சம் இருக்கிற புல்வெளியை முதலில் காப்பாற்ற வேண்டும். அங்கே புதிதாக முளைக்கிற சீகைக் கன்றைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். பழைய காட்டை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. 2022-இல் தமிழ்நாடு அரசும் அந்நியச் செடிகளை அகற்றிக் காட்டை மீட்க ஒரு கொள்கை கொண்டு வந்திருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது சண்டை போடவில்லை. "கன்னு பிடுங்குறதுக்குக் கூலி குடுத்தா நாங்களே வர்றோம். சும்மா வான்னா யாரு வருவா?" என்று மட்டும் கேட்டது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள். நான் கேள்வியை இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி தோட்டத்து விஷயம். போன வைகாசியில் எங்கள் பிளம்ஸ் மரத்துக்கு அப்பா வலை போட்டார். கொத்தின பழத்துக்கு வியாபாரி விலை கொடுக்க மாட்டார், அதனால் போட்டார். மூன்றாம் நாள் காலையில் ஒரு சிரிப்பான் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. கத்தக்கூட இல்லை. மற்ற சிரிப்பான்கள் வேலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தன. அப்பா பிளேடை எடுத்து வந்து ஒவ்வொரு நூலாக அறுத்தார். கையில் பிடித்தபோது அதன் நெஞ்சு எப்படித் துடித்தது தெரியுமா! அப்பா விரலில் ஒரு கொத்து கொத்திவிட்டுப் பறந்துவிட்டது. "நன்றி கெட்ட கழுதை" என்று அப்பா சொன்னார், ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தொளதொளவென்று மரத்தின்மேல் போர்த்தின வலையில்தான் பறவை மாட்டும். கண்ணி சின்னதாக உள்ள வலையைக் கம்பு நட்டு விறைப்பாக இழுத்துக் கட்டினால் மாட்டாது. இப்போது எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் கட்டியிருக்கிறோம். கம்புக்கு எதை வெட்டினோம் என்று கேட்காதீர்கள். சீகைதான்.

அடுத்தது கவட்டை. நம்ம பள்ளியில் மூன்று பேர் பையில் கவட்டை இருக்கிறது. பேர் சொல்ல மாட்டேன், இதைப் படிக்கும்போது அவர்களுக்கே தெரியும். "ஒரு கொண்டைக்குருவி அடிச்சா என்ன குறைஞ்சு போகும்" என்று ஒருத்தன் என்னிடமே கேட்டான். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை அடிப்பது மட்டுமல்ல, கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும்கூடக் குற்றம். கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் குற்றம்தான். ஆனால் அவனுக்குச் சட்டத்தைச் சொன்னால் கேட்க மாட்டான். அதனால் வேறு ஒன்று சொன்னேன்: "நீ அடிச்சது தாயா இருந்தா குஞ்சுக்கு யாருடா புழு கொண்டு போறது?" அன்றைக்குப் பதில் பேசாமல் போனான். கவட்டை இன்னும் பையில்தான் இருக்கிறது. அவனுக்குக் குறி மட்டும் சரியில்லை என்பது பறவைகள் செய்த புண்ணியம்.

நல்லதும் நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1985-இல் இருந்தே பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு நம்ம மலைக்காக வேலை செய்கிறது. 2013-இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவித்தார்கள், அது சுமார் 600 சதுர கிலோமீட்டர். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு ஊர். கூடு கட்டுகிற பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சின்னப் பிள்ளைகள்கூடவாம்! என் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அந்த ஊர்ல நமக்கு யாராவது சொந்தம் இருக்காங்களா?" என்று பயத்தோடு கேட்டான்.

நம்ம பள்ளியிலும் பிப்ரவரியில் நாலு நாள் பறவைக் கணக்கெடுப்புச் செய்தோம். அதே நாட்களில் உலகம் முழுவதும் செய்கிறார்கள். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. டீச்சர் தன் செல்போனில் ஏற்றினார். பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் இப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. இப்படிச் சாதாரண ஜனங்கள் எழுதின கணக்கை எல்லாம் சேர்த்துத்தான் 2023 அறிக்கையில் 942 வகைப் பறவைகளைப் பார்த்து, அதில் 178 வகைகளுக்கு உடனே கவனம் வேண்டும் என்று சொன்னார்கள். நமக்குக் கிடைத்தது அண்டங்காக்கா, கொண்டைக்குருவி, வெள்ளைக்கண்ணி, வாலாட்டி, புதர்ச்சிட்டு, சிரிப்பான். வாலாட்டி குளிர்காலத்துக்கு மட்டும் இமயமலைப் பக்கமிருந்து வருகிற விருந்தாளி. சோலைக்குள் இருக்கிற அந்த நீலப் பறவை வரவில்லை. பள்ளிக்கூட மணி அடிக்கிற இடத்துக்கு அது எதற்கு வரப்போகிறது?

பிப்ரவரிக்குப் பிறகும் எழுதலாமே என்று டீச்சர் சொன்னதால் இந்தத் தாளுக்குக் கீழே ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, நேரம், இடம், எந்தப் பறவை, எத்தனை என்று எழுதுங்கள். பேர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுங்கள், நாங்கள் புத்தகத்தில் தேடிச் சொல்கிறோம். மயில் பார்த்தேன், புலி பார்த்தேன் என்று யாரும் அளக்கக் கூடாது. பேனா நூலில் கட்டியிருக்கிறது, தயவுசெய்து அதை யாரும் எடுத்துக்கொண்டு போகாதீங்க.