ஓடையில் கிடந்த பழைய ரோடு



ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழையில எங்க முக்கால் ஏக்கர் சின்ன வெங்காயம் அழுகிப் போச்சு. மூணு நாள் காட்டுல தண்ணி நின்னுச்சு. மழை ஜாஸ்தி, என்ன பண்றதுன்னு முதல்ல மனசைத் தேத்திக்கிட்டோம். மழை விட்டதுக்கப்புறம் ஓடை ஓரமா நடந்து போய்ப் பார்த்தப்பதான் விஷயம் தெரிஞ்சுது. மழை மேல தப்பே இல்லை. ஓடையை அடைச்சு வெச்சிருந்தாங்க. தண்ணி போக வழியில்லாம எங்க காட்டுக்குள்ள திரும்பியிருக்கு. அடைச்சுக் கிடந்தது மண்ணும் இல்லை, முள்ளும் இல்லை. எங்க தெருவோட பழைய சிமெண்ட் ரோடு.

அந்த வருஷம்தான் எங்க தெருவுல வீட்டுக்கு வீடு குடிதண்ணிக் குழாய் பதிச்சாங்க. குழாய் வந்தது நல்லதுதான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. நடுவால வெட்டின ரோட்டுக்கு ஒட்டுப் போட்டா நிக்காதுன்னு, முழுசாப் பேர்த்து எடுத்துட்டு புதுசாப் போட்டாங்க. பேர்த்த கட்டிகளை எங்கே கொண்டு போறது? வேலை எடுத்தவருக்கு டிப்பர் வாடகை மிச்சம். ராத்திரியில ஓடையில தள்ளிட்டுப் போயிட்டார்.

எனக்கு வெங்காயம் போன வருத்தம் ஒரு பக்கம். இன்னொரு வருத்தமும் இருந்துச்சு. அந்த ரோடு எங்க தெருவுக்கு வந்த முதல் சிமெண்ட் ரோடு. அதைப் போட்டப்ப எங்கப்பா பதினாலு நாளும் காலையில சாயங்காலம் குடத்துல தண்ணி எடுத்துப் போய் எங்க வாசலுக்கு நேரா ஊத்தினார். "நாத்து மாதிரிதான் சாமி, ஈரம் காயவிட்டா போச்சு"ன்னு சொல்வார். அவர் நனைச்ச ரோடு துண்டு துண்டா ஓடைத் தண்ணியில கிடந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை எங்க அக்கா மகன் வந்திருந்தான். சிவில் படிச்சவன். அவனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்.

"பாரு மாப்ளே, எவ்வளவு குப்பையைக் கொட்டிட்டுப் போயிருக்காங்கன்னு."

"மாமா, இது குப்பை இல்லீங்க. இது அத்தனையும் ஜல்லி" அப்படின்னான்.

சம்மட்டியால ஒரு கட்டியை உடைச்சான். உள்ள வரி ஓடின கருங்கல்லு. எனக்குப் பார்த்ததும் தெரிஞ்சுது, அது எங்க ஊருக்குக் கிழக்கால இருந்த கரட்டுக் கல்லு. நான் சின்னப் பையனா ஆடு மேய்ச்ச கரடு. இப்ப அங்கே பாதி கரடு, பாதி பள்ளம். வெடி வைக்கறப்ப எங்க வீட்டு ஓடு அதிரும். அந்தக் கல்லு ஒரு தடவை வெடிச்சு, உடைஞ்சு, கிரஷர்ல அரைபட்டு, ரோடாகி, கடைசியில ஓடையில கிடக்கு. புது ரோட்டுக்கு மறுபடியும் அதே கரட்டுல வெடி.

மாப்பிள்ளை அங்கேயே உக்காந்து ஒரு கணக்குப் போட்டான். மூணு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம்னு வெச்சா, 100 மீட்டர் ரோட்டுல 45 கன மீட்டர் கான்கிரீட் இருக்கு. ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.4 டன். ஆக 108 டன். பத்து டன் ஏத்தற டிப்பர்னா பதினொரு நடை. அதுல பாதிக்குக் கிட்ட வெறும் ஜல்லி. வெறும் நூறு மீட்டருக்கே இவ்வளவு. எங்க தெரு அதைவிட நீளம்.

அப்புறம் அவன் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதுசு. வீடு இடிச்ச கப்பியில செங்கல், சுண்ணாம்பு, டைல்ஸ், பெயிண்ட், மரத்துண்டுன்னு எல்லாம் கலந்திருக்கும், கான்கிரீட்டுல கம்பியும் இருக்கும். அதைப் பிரிக்கறதுதான் பெரிய வேலை. ஆனா கிராமத்துச் சிமெண்ட் ரோட்டுல பெரும்பாலும் கம்பி கிடையாது. பூச்சு கிடையாது. வெறும் ஜல்லி, மணல், சிமெண்ட். மேல ஒட்டின மண்ணைத் தட்டிட்டா சுத்தமான சரக்கு.

இதுக்கு அரசாங்கத்துல அளவே இருக்குங்க. கான்கிரீட்டுல போடற ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 383. அதை 2016-ல திருத்தினப்ப, பழைய கான்கிரீட்டை உடைச்ச ஜல்லிக்கும் இடம் கொடுத்துட்டாங்க. கம்பி இல்லாத கான்கிரீட்டுல 25 சதம் வரைக்கும் சேர்க்கலாம். கம்பி போட்ட கான்கிரீட்னா 20 சதம், அதுவும் எம் 25 தரம் வரைக்கும்தான். எம் 15-க்குக் கீழ இருக்கற மெலிஞ்ச கான்கிரீட்டுக்கு முழுசாவே போடலாம். செங்கல் கலந்த கப்பின்னா இந்த மெலிஞ்ச கான்கிரீட்டோட சரி, மேல போகக் கூடாது. அதே 2016-ல வந்த கட்டிட இடிபாட்டுக் கழிவு விதியிலயும், அரசு வேலைகள்ல 10 முதல் 20 சதம் இந்த மாதிரிப் பொருள் வாங்கணும்னு இருந்துச்சு. சாலைக்காரங்களுக்குன்னே இந்திய சாலைக் காங்கிரஸ் 2017-ல ஐ.ஆர்.சி. 121-னு ஒரு வழிகாட்டியே போட்டிருக்கு. எங்க ஓடைக்குத்தான் இதெல்லாம் தெரியலை.

சரி, பேசிட்டு இருந்தா ஆகாது, செஞ்சு பார்த்துடலாம்னு தோணுச்சு. எங்க காட்டுக்குப் போற தடத்துல நூறு அடி நீளத்துக்கு ஒரு தாழ்வு. மழை பேஞ்சா பால் வண்டி சிக்கிக்கும். அங்கே முழு அகலத்துக்கு ரோடு போட நமக்குக் கட்டுபடி ஆகாது. மாட்டு வண்டித் தடம் மாதிரி, சக்கரம் போற இடத்துல மட்டும் ரெண்டரை அடி அகலத்துல ரெண்டு பட்டை. நடுவுல புல்லு. இதுக்கே கான்கிரீட் இருநூறு கன அடிக்கு மேல ஆகும்.

புது விதை வந்தா நாம என்ன செய்வோம்? பாதிக் காட்டுல பழசு, பாதியில புதுசு போட்டுப் பார்ப்போம். அதையே இங்கேயும் செஞ்சேன். இடது பட்டைக்கு முழுக்கப் புது ஜல்லி. வலது பட்டைக்கு நாலு சட்டி ஜல்லியில மூணு புதுசு, ஒண்ணு பழசு. மத்ததெல்லாம் ஒண்ணுதான். ஒண்ணுக்கு ஒன்றரை எம் சாண்ட், மூணு ஜல்லி, அஞ்சு இஞ்ச் கனம், பத்தடிக்கு ஒரு வெட்டு.

ஓடையில இருந்து மூணு டிரெய்லர் கட்டி அள்ளினோம். அப்பவே ஓடை பாதி திறந்துடுச்சு. ரெண்டு பேர் மூணு நாள் சம்மட்டி போட்டாங்க. முஷ்டி அளவுக் கட்டியெல்லாம் ரெண்டு பட்டைக்கும் அடியில நாலு இஞ்ச் கனத்துக்கு நிரப்பினோம். முக்கால் ஜல்லி அளவுல வந்ததைச் சலிச்சுக் கலவைக்கு எடுத்து வெச்சோம். சலிச்ச தூளைக் கலவையில போடலை, அது தண்ணியை ரொம்பக் குடிக்கும்னு மாப்பிள்ளை சொல்லிட்டான். அதை அடியில இருந்த சந்துல நிரவி, தண்ணி விட்டு, திமிசு போட்டு இறுக்கினோம்.

கான்கிரீட் போட்ட அன்னைக்குத்தான் நான் தப்புப் பண்ணேன். பழைய ஜல்லியை முதல் நாளே நனைச்சு வைக்கணும்னு மாப்பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தான். எனக்கு மாடு கன்னு போட்ட வேலையில மறந்து போச்சு. காஞ்ச ஜல்லியையே மெஷின்ல கொட்டினோம். வலது பட்டையில இருவது அடி போயிருக்கும், மேஸ்திரி அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, கலவை கையிலயே இறுகுதுங்க. ஒரு குடம் தண்ணி சேர்த்தட்டுங்களா?"

"சேர்த்துங்கண்ணா"ன்னுட்டேன்.

அந்த ஒரு குடம்தான் வினை. நல்ல கருங்கல் ஜல்லி நூறு கிலோ எடுத்தா ஒரு கிலோ தண்ணி குடிக்கறதே பெருசு. பழைய கான்கிரீட் ஜல்லியில பழைய சாந்து ஒட்டிக்கிட்டு இருக்கும். அது நாலு கிலோ, அஞ்சு கிலோ கூடக் குடிக்கும். நாம சிமெண்ட்டுக்குன்னு அளந்து ஊத்தின தண்ணியை ஜல்லி இழுத்துக்கும், கலவை இறுகும். வேலை நடக்கணுமேன்னு மேல மேல ஊத்தினா, அந்தத் தண்ணி சிமெண்ட்டோட பலத்தைக் குறைச்சுடும். சாயங்காலம் போன்ல மாப்பிள்ளைகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அன்னைக்கு வலது பக்கத்தை நிறுத்திட்டு இடது பட்டையை முடிச்சோம். ராத்திரி பழைய ஜல்லிக் குவியல் மேல சாக்குப் போட்டுத் தண்ணி தெளிச்சு விட்டேன். காலையில சாக்கை எடுத்து, சொட்டற ஈரம் போற வரைக்கும் கிளறி விட்டோம். தலைக்குக் குளிச்சுத் துவட்டின பதம். உள்ள ஈரம், மேல தண்ணி இல்லை. அதுக்கப்புறம் கலவை ஒரு குறையும் சொல்லலை. மேஸ்திரி அண்ணனே, "இது புதுசு மாதிரியேதான் போகுது"ன்னார். பதினாலு நாள் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தினேன். அப்பா இருந்திருந்தா அவரே குடத்தை எடுத்திருப்பார்.

தை மாசம் போட்டது. அதுக்கப்புறம் ரெண்டு சித்திரை வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் பார்த்தாச்சு. பால் வண்டி தினமும் போகுது, டிராக்டர் டிரெய்லரோட போகுது. இடது பட்டைக்கும், நனைச்சுப் போட்ட வலது பட்டைக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியலை. அந்த முதல் இருவது அடி மட்டும் மேல பொடி விடுது. காலால தேய்ச்சா வெள்ளையா வருது. பழைய ஜல்லி மேல பழி போடறவங்களுக்கு நான் அந்த இருவது அடியைக் காட்டிட்டு, அடுத்த எண்பது அடியையும் காட்டுவேன். கெடுத்தது ஜல்லி இல்லை, என் மறதி.

ஒண்ணு சொல்லிடறேன். இது காட்டுத் தடத்துல நான் பார்த்தது. லாரி போற ரோட்டுக்கு இதையே அளவா எடுத்துக்காதீங்க. அதுக்குக் கலவையை அச்சுல வார்த்து, 28 நாள் கழிச்சு மெஷின்ல உடைச்சுப் பார்த்துப் பலம் தெரிஞ்சுக்கணும்.

காசுக் கணக்கையும் மறைக்காம சொல்றேன். கலவையில சேர்த்த கால் பங்கு ஜல்லியில மிச்சம் ஒண்ணும் இல்லை. உடைச்ச கூலி, சலிச்ச கூலிக்கே சரியாப் போச்சு. அடியில போட்டதுலதான் லாபம். அதுக்கு ரெண்டு யூனிட் ஒன்றரை ஜல்லி வாங்கியிருக்கணும், வாங்கலை. அதனால நான் கத்துக்கிட்டது இதுதான்: பழைய ரோட்டுக்குச் சரியான இடம் புது ரோட்டுக்கு அடியில. அதே தெருவுல. டிப்பர் வாடகையும் இல்லை, ஓடையும் அடையாது, கரட்டுல ஒரு வெடியாவது குறையும்.

எங்க தடத்தைப் பார்த்துட்டு ஒரு நண்பர், இரும்பு ஆலைக் கசடு மலிவாக் கிடைக்குது, அதைப் போடலாமான்னு கேட்டார். கசடுலயும் ரெண்டு விதம் இருக்குங்க. இரும்புத் தாதை உருக்கறப்ப வர்ற ஊதுலைக் கசடு ஒண்ணு. அந்த இரும்பை எஃகாக்கறப்ப வர்ற கசடு இன்னொண்ணு. எஃகுக் கசடுல நீறாத சுண்ணாம்பு மிச்சம் இருக்கும். சுட்ட சுண்ணாம்புக் கல்லு மேல தண்ணி பட்டா எப்படிப் பொரிஞ்சு ஊதும்? அதே மாதிரி ரோட்டுக்குள்ள இருந்து ஊதி, மேல விரிசல் விட்டுடும். மாசக் கணக்குல வெளியில போட்டு, நனைச்சு, ஆறவிட்டுத்தான் எடுக்கணும். எந்தக் கசடு, ஆறினதான்னு பரிசோதனைச் சீட்டு இல்லாம வாங்காதீங்க.

ஆலைக் கழிவான்னு முகம் சுளிக்கறவங்களுக்கும் ஒரு சேதி. நாம கடையில வாங்கற பி.பி.சி. சிமெண்ட் மூட்டையில 15 முதல் 35 சதம் வரைக்கும் நிலக்கரிச் சாம்பல்தான். மேட்டூர் மாதிரி அனல் மின் நிலையத்துல வர்ற அந்தச் சாம்பலை ஏற்கனவே நம்ம வீட்டுச் சுவத்துல பூசிட்டுத்தான் இருக்கோம்.

இப்ப எங்க ஊர்ல மேற்குத் தெருவைப் பேர்க்கப் போறாங்க. அந்தக் கட்டியும் ஓடைக்குத்தான் போகும், நாம வாயைத் திறக்கலைன்னா. வர்ற அக்டோபர் 2 கிராம சபையில கேக்கறதா இருக்கேன். பேர்த்த கட்டியை உடைச்சு அதே தெருவுக்கு அடித்தளமாப் போடணும், வேலை மதிப்பீட்டுலயே அதை எழுதணும்னு. இதை மேற்குத் தெருச் சின்னம்மாகிட்ட சொன்னப்ப அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க.

"அதையே அடியில போட்டு மேல ரோடு போட்டா, என் வாசப்படி குழிக்குள்ள போயிடாதா சாமி? மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுமே?"

நியாயமான கேள்வி. மண்ணைத் தோண்டி மட்டத்தை இறக்கிட்டு, புது ரோடு பழைய உசரத்துலயே முடியற மாதிரிப் போடணும். அதையும் சேர்த்தே எழுதச் சொல்லணும். "அப்ப நானும் வர்றேன்"னு சொல்லியிருக்காங்க. மாப்பிள்ளையும் லீவு போட்டுட்டு வர்றேன்னான்.

இந்தப் புரட்டாசியில அதே முக்கால் ஏக்கர்ல மறுபடி வெங்காயம் நட்டிருக்கேன். நேத்து சாயங்காலம் ஓடையைப் பார்த்துட்டு வந்தேன். இன்னும் ரெண்டு டிரெய்லர் கட்டி கிடக்கு. ஐப்பசிக்கு முன்னால அள்ளிடணும்.