அப்பாவின் பொறுமை

எங்க ஊர் அத்திப்பட்டு. அனல் மின் நிலையம், பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம், நாள் முழுக்க லாரி சத்தம். அப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். வரிசையில் பத்து மணி நேரம் நின்றாலும் ஹாரனில் கை வைக்க மாட்டார். ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் அப்படியே நேர்மாறு! கும்மிடிப்பூண்டி ரயில் ஐந்து நிமிடம் லேட் என்றாலே புலம்ப ஆரம்பித்துவிடுவேன். "பொறுமையா இருடா, நெஞ்சுக்கு ஆகாது" என்பார்.

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால், சான் பிரான்சிஸ்கோவின் ஃப்ரீட்மன், ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் 1959-லேயே இதை எழுதியிருக்கிறார்கள். எப்போதும் அவசரம், போட்டி என்று அலைபவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்றார்கள். 'ஏ டைப்' ஆசாமிகள் என்று சொல்கிறோமே, அது இவர்கள் வைத்த பெயர்தான். ஆனால் பிறகு வந்த பல ஆய்வுகளில் அது நிற்கவில்லை. அந்த ஆராய்ச்சிக்கு சிகரெட் கம்பெனிகள் பணம் கொடுத்த கதையும் பின்னாளில் வெளியே வந்தது. குற்றவாளி புகை இல்லை, சுபாவம்தான் என்றால் அவர்களுக்கு லாபம்தானே!

அதற்காக எனக்கு விடுதலை இல்லை. அமெரிக்காவில் 18 முதல் 30 வயதுக்குள் இருந்த 3,000-க்கும் மேற்பட்டவர்களை 15 வருடம் கவனித்து 2003-ல் ஒரு ஆய்வு வெளியானது. பொறுமை இல்லாதவர்களுக்கும், மற்றவர்கள் மேல் எப்போதும் கடுப்போடு இருப்பவர்களுக்கும் பின்னாளில் ரத்த அழுத்தம் அதிகம் வந்திருந்தது. என் வயசுப் பசங்க... கொஞ்சம் பயந்துதான் போனேன்.

அப்பா சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் மாரடைப்பு வந்தது அவருக்கு!

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. வரிசையில் நிற்கும்போது நெஞ்சில் பாரம், இடது கை குடைச்சல், அந்தக் குளிரிலும் வேர்வை. 'கேஸா இருக்கும்' என்று ஒரு சோடா குடித்திருக்கிறார். வண்டியை எடுத்தால் இடம் போய்விடுமே என்று நாலு மணி நேரம் பொறுத்திருக்கிறார். பின்னால் நின்ற டிரைவர் அண்ணன்தான் பார்த்துவிட்டு 108-க்கு போன் போட்டார்.

ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே இருக்குமாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் போனால் நிறைய காப்பாற்றலாம். அந்த நேரத்தைத்தான் அவர் பொறுமையாக உட்கார்ந்து கழித்திருக்கிறார். அவர் பொறுமை முழுக்க பீடியில்தான் ஓடியது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது வண்டியும் இல்லை, பீடியும் இல்லை. நேற்று ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது திடீரென்று நெஞ்சில் கை வைத்தார். பதறிப்போய் "அப்பா, என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் இல்லடா... பழக்க தோஷம். பாக்கெட்ல பீடி தேடுறேன்."