ஆருக்குப் பத்து நிமிடம்?

வீடு தேடி அலைகிறோம் என்று முன்பொரு மடலில் எழுதியிருந்தேன். வாங்கிக் குடிபுகுந்துவிட்டோம். எந்த ஊரில் வாங்கினோம், ஏன் அங்கே என்று சொல்ல இந்த மடல் முழுவதும் வேண்டும். 15 வருடம் வாடகைக்கு இருந்தவர்கள் நாங்கள். அதில் முதல் 6 வருடம் இன்னொருவர் வீட்டு நிலவறையில் கழிந்தது. எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ரொறன்ரோவின் கிழக்குப் புறத்தில் தமிழர் வீடு வாங்குவதென்றால் பேச்சு மூன்று நான்கு பெயர்களைத்தான் சுற்றி வரும். ஸ்காபரோ, மார்க்கம், இன்னும் கிழக்கே பிக்கரிங், ஏஜாக்ஸ். வந்த புதிதில் எல்லாருக்கும் ஸ்காபரோதான். கையில் நாலு காசு சேர்ந்ததும் ரூஜ் ஆற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். எங்களோடு நிலவறைக் காலத்தைக் கழித்த குடும்பங்களில் பாதி இன்று ஏஜாக்ஸில் இருக்கிறது. மார்க்கம் நகரம் எங்கள் கைக்கு எட்டவில்லை. கடைசியில் இரண்டு வீடுகள் எஞ்சின, விலை இரண்டுக்கும் ஏறக்குறைய 9 இலட்சம் டாலர்.

ஏஜாக்ஸ் வீடு வெஸ்ற்னி வீதியும் றொஸ்லண்ட் வீதியும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்ட இருந்தது. 1990களில் கட்டிய மாடி வீடு. மேலே மூன்று படுக்கை அறைகள், கீழே வெளிச்சமான சமையலறை, இரண்டு கார் நிறுத்தக் கராஜ். ஸ்காபரோ வீடு லோறன்ஸ் வீதியும் மார்க்கம் வீதியும் சந்திக்கும் இடத்திலிருந்து சற்று உள்ளே, 1950களின் செங்கல் பங்களோ. எல்லா அறையும் ஒரே தளத்தில். தாழ்ந்த கூரை, ஒடுங்கிய சமையலறை, பக்கவாட்டில் நிலவறைக்கு இறங்கும் தனிக்கதவு. அந்தக் கதவைக் கண்டதும் எனக்குப் பழைய வாழ்க்கை நினைவுக்கு வந்து நெஞ்சு கனத்தது. அப்போது நாங்கள் ஏறி இறங்கியதும் அதே மாதிரி ஒரு கதவால்தான்.

என் கணவருக்கு ஏஜாக்ஸ் என்று மனதில் விழுந்துவிட்டது. அவருடைய வேலை பிக்கரிங்கில், காரில் கால் மணி நேரம்கூட ஆகாது. மகளுக்கு அந்த மாடி அறையின் ஜன்னல் பிடித்துப்போனது. எனக்கும் பிடித்திருந்தது, மறைக்கவில்லை. வீட்டு முகவர் தம்பி அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். பள்ளிக்கூடம் 4 நிமிடம், கோ ரயில் 9 நிமிடம், ஏரிக்கரை 10 நிமிடம் என்று வரிசையாக இருந்தது. எங்களோடு இருக்கும் என் அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாங்கி வாசித்தார்.

"ஆருக்குத் தம்பி பத்து நிமிஷம்?"

"காரில அம்மா."

"எனக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. தாளில் அதற்குப் பதில் இல்லை.

அம்மாவுக்கு 71 வயது. கார் ஓட்டத் தெரியாது, இனிப் பழகப்போவதும் இல்லை. மகளுக்கு 12 வயது, அவள் ஓட்ட இன்னும் நாலு வருடம். நான் வேலைக்கு நகரின் மையத்துக்கு ரயிலில் போகிறேன். ஆகவே வார நாட்களில் காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணிவரை எங்கள் வீட்டில் கார் இல்லை. அந்தப் பதினொரு மணி நேரம் வீட்டில் இருக்கிறவர் எங்கே போவார்? வீடு பார்க்கப் போன ஒரு நாளும் இதை நாங்கள் கேட்டதில்லை. காரில் போய் இறங்கி, காரில் ஏறி வந்தால் அந்தக் கேள்வி வராது.

ஏஜாக்ஸைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அது நல்ல ஊர், அதன் கதை இன்னும் நல்லது. 1941இல் வெறும் பண்ணை நிலத்தில் பீரங்கிக் குண்டுகளில் மருந்து நிரப்பும் தொழிற்சாலை ஒன்றைக் கட்டினார்கள். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்கள் தங்கக் கட்டிய குடியிருப்பே ஊரானது. 1939 டிசம்பரில் தென் அமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு அப்பால் ஜெர்மானியக் கப்பல் கிராஃப் ஸ்பீயை எதிர்த்த பிரித்தானியப் போர்க்கப்பல்களில் ஒன்றின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். தெருக்கள் பலவற்றுக்கு அந்தக் கப்பல்களில் இருந்த மாலுமிகளின் பெயர்கள். நடுவே ஓடும் ஹார்வுட் அவெனியூ அந்தச் சண்டையை நடத்திய தளபதியின் பெயர். சாதாரண மாலுமிகளின் பெயரிலும் தெருக்கள் உண்டு என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொரு பெயர்ப்பலகையாக எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தார். "பேர் எழுதி வைக்க ஒரு இடம் விட்டிருக்கினம்" என்று மட்டும் சொன்னார். இலங்கையில் எங்கள் ஊர்ப்பக்கம் 2009க்குப் பிறகு, போரில் இறந்தவர்களின் துயிலும் இல்லங்கள் என்ன ஆயின என்பதை நானும் நினைத்தேன், அவரும் நினைத்திருப்பார். அதற்குமேல் இருவரும் கதைக்கவில்லை.

அன்றைக்கே ஏரிக்கரைக்கும் போனோம். அது 2024 அக்டோபர். ஏஜாக்ஸின் கரை நெடுகிலும் பொதுப் பூங்கா. ஏரியை மறைத்து யாரும் வீடு கட்டவில்லை. ஒன்ராறியோ ஏரிக்கு மறுகரை தெரியாது, அலை அடிக்கும், பார்த்தால் கடல்தான். அம்மா பிறந்தது யாழ்ப்பாணத்து மயிலிட்டியில், வீட்டு முற்றத்தில் நின்றால் அலைச்சத்தம் கேட்குமாம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பில்லை" என்றார். ஆனாலும் அரை மணி நேரம் அங்கிருந்து அசையவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நானும் ஏஜாக்ஸ்காரி ஆகிவிட்டேன்.

பிறகு வீட்டிலிருந்து ஏரிவரை வரைபடத்தில் அளந்து பார்த்தேன். ஆறு கிலோமீற்றருக்கு மேல், நடுவே 401 நெடுஞ்சாலை. கிங்ஸ்ரன் வீதியில் பல்ஸ் பேருந்து அடிக்கடி ஓடுகிறது. நாங்கள் பார்த்த வீட்டிலிருந்து அந்த வீதிக்கு அம்மாவின் நடையில் முக்கால் மணி நேரம். யாராவது கூட்டிப்போனால்தான் அவருக்கு அந்த ஏரி கிடைக்கும்.

இரண்டாம் முறை போனபோது சமையலறை இழுப்பறையில் சின்ன அட்டைப் பொதி ஒன்று கிடந்தது. பொற்றாசியம் அயடைட் மாத்திரைகள். பிக்கரிங் அணுமின் நிலையத்தைச் சுற்றிப் 10 கிலோமீற்றருக்குள் இருக்கும் வீடுகளுக்கு 2015இல் தபாலில் அனுப்பினார்கள். கதிர்வீச்சு அபாயம் வந்தால் தைரொயிட் சுரப்பியைக் காக்க அரசு சொல்லும்போது விழுங்கவேண்டும். வீட்டுக்காரர் அதைத் தேயிலைப் பக்கற்றுகளோடு வைத்திருந்தார். அதற்காக நாங்கள் ஏஜாக்ஸை ஒதுக்கவில்லை. அந்த நிலையத்தின் பக்கத்தில் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. ஆனால் முகவரின் தாளில் வராத தூரம் ஒன்று அந்த இழுப்பறையில் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

காரை நிறுத்திவிட்டு ஒரு வார நாளை இரண்டு இடத்திலும் கழித்துப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். தேர்ந்தெடுத்த மாதம் 2025 பெப்ரவரி. அந்த மாதம் ரொறன்ரோவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிப்புயல் வந்து, பத்து நாளைக்குள் அரை மீற்றருக்கு மேல் கொட்டியது நினைவிருப்பவர்கள் இருப்பீர்கள். ஸ்காபரோவில் முதல் முயற்சி தோற்றது. வீதியிலிருந்து தள்ளிய பனி நடைபாதை முனையில் இடுப்பளவு சுவராக இறுகிக் கிடந்தது. அம்மா ஒரு கையால் என்னைப் பிடித்து, மறு கையை அந்தப் பனியில் ஊன்றி, ஒரு காலைத் தூக்கி வைத்தார். அடுத்த காலை வைக்க முடியவில்லை. திரும்பி வந்தோம். "பாத்தியோ, இஞ்சயும் அதே கதைதான்" என்றார் கணவர். அவர் சொன்னது சரி.

மார்ச் நடுவில் மறுபடி போனோம். பங்களோவின் வாசலிலிருந்து சீடார்பிறே நூலகம் வரை அம்மா நடந்தார், நான் பின்னால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு போனேன். 11 நிமிடம், நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கியதையும் சேர்த்து. உள்ளே தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும் தட்டின் முன்னால் அம்மா சப்பாத்துப் பனி உருகி ஓடுவதையும் கவனிக்காமல் நின்றார். சந்தியில் லோறன்ஸ் வீதிப் பேருந்தும் மார்க்கம் வீதிப் பேருந்தும் வரும். 54ஐப் பிடித்து பேர்ச்மவுண்டில் இறங்கி 17இல் மாறினால் கந்தசாமி கோயில். கறிவேப்பிலையும் மரவள்ளியும் விற்கிற கடை நடைதூரத்தில்.

அடுத்த வாரம் ஏஜாக்ஸ். தெரு துப்புரவாக இருந்தது, பனி இல்லை, நடைபாதை நன்றாகவே இருந்தது. அரை மணிக்கு ஒரு பேருந்து. முதலாவதை ஒரு நிமிடத்தால் தவறவிட்டோம். காத்திருந்த அந்த நேரத்தில் எங்களைக் கடந்து ஒரு ஆளும் நடந்து போகவில்லை. கார்கள் போயின, கராஜ் கதவுகள் திறந்து மூடின. அம்மா மெல்லக் கேட்டார்: "இஞ்ச சனம் எங்க பிள்ளை?"

பணக் கணக்கையும் சொல்லவேண்டும். வீடு வாங்கினால் ஒன்ராறியோ மாகாணத்துக்குக் காணி மாற்று வரி கட்டவேண்டும். 9 இலட்சம் டாலர் வீட்டுக்கு அது 14,475 டாலர். ரொறன்ரோ மாநகரம் 2008இலிருந்து தன் பங்குக்கு இன்னொன்று வாங்குகிறது. ஸ்காபரோ 1998இலிருந்து அந்த மாநகரத்துக்குள்தானே, ஆகவே அங்கே வாங்கினால் இன்னொரு 14,475. முதல் வீடு வாங்குகிறவருக்கு மாகாணம் 4,000 வரையும் மாநகரம் 4,475 வரையும் கழித்துவிடும். கழித்தபின்னும் ஸ்காபரோவுக்கு 10,000 டாலர் கூட. இதைச் சொல்லித்தான் எல்லாரும் எங்களை ஏஜாக்ஸுக்கு இழுத்தார்கள். ஆனால் வருடாந்தச் சொத்துவரிச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாங்கள் பார்த்த இரண்டு வீடுகளில் ஏஜாக்ஸ் வீட்டுக்கு ஏறக்குறைய 2,000 டாலர் அதிகம். ஐந்து வருடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். நாங்கள் ஐந்து வருடத்துக்காக வீடு வாங்கவில்லை.

அந்தக் கழிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. விண்ணப்பிப்பவர் உலகத்தில் எந்த இடத்திலும் இதற்கு முன் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்திருக்கக் கூடாது. சட்டத்தரணி அம்மையார் படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இலங்கையில் சீதன வீடு ஏதும் உங்கள் பெயரில் எழுதினார்களா?" அவரும் யாழ்ப்பாணம்தான், எதைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான் பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். மயிலிட்டி வீடு எனக்கென்றுதான் சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தது. 1990இல் நாங்கள் அங்கிருந்து வெளிக்கிட்டபோது எனக்கு 6 வயது. அதன்பின் அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். 2010இல் என் கலியாணத்துக்கு நொத்தாரிசிடம் போகலாம் என்று மாமா சொன்னபோது, போய்ப் பார்க்க முடியாத வீட்டை எந்த முகத்தோடு பிள்ளைக்கு எழுதுவது என்று அப்பா மறுத்துவிட்டார். 2017இல் மயிலிட்டியின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டபோது அப்பா உயிரோடு இல்லை. அம்மா போனார். வீடு இருந்த அடையாளமே இல்லை, கிணற்றை வைத்துத்தான் காணியைக் கண்டுபிடித்தார்.

"இல்லை" என்று சொன்னேன். அம்மையார் பெட்டியில் சரி போட்டார். எழுதாமல் போன உறுதி எங்களுக்கு இங்கே 8,475 டாலர் ஆனது. அம்மா கைப்பையின் பட்டியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஆம், ஸ்காபரோவில்தான் கையெழுத்து வைத்தோம். பங்களோவுக்குக் குறைகள் உண்டு. பரிசோதகர் நிலவறையின் வடக்கு மூலையில் ஈரமானியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. வெளியே அத்திவாரத்தை ஒட்டித் தோண்டி வடிகால் குழாய் மாற்றவேண்டும், அது அடுத்த கோடைக்கு. ஸ்காபரோவின் போக்குவரத்தும் முன்பு இருந்ததுபோல் இல்லை. 1985இலிருந்து ஓடிய மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் கடைசிப் பெட்டி தடம்புரண்டதோடு நின்றேவிட்டது. சுரங்க ரயிலை ஷெப்பேர்ட் வரை நீட்டும் வேலை இன்னும் முடியவில்லை. நான் பேருந்தில் வோர்டன் நிலையம் போய் மாறுகிறேன். ஏஜாக்ஸிலிருந்து கோ ரயிலில் வந்திருந்தால் உட்கார்ந்து வந்திருப்பேன். கணவர் ஒவ்வொரு காலையும் 401இல் கிழக்கே ஓடுகிறார். மகள் அந்த ஜன்னலை இன்னும் மறக்கவில்லை. ஏரிக்கு மாதம் ஒரு ஞாயிறு போகிறோம், போகும் வழியில் வெஸ்ற்னி வீதியால் திருப்பச் சொல்லி அவள் கேட்பாள், கணவரும் திருப்புவார்.

போன செவ்வாய் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் விளக்கு இல்லை. முன்னெல்லாம் அம்மா ஜன்னலடியில் உட்கார்ந்து என் கால் சத்தத்துக்குக் காத்திருப்பார். பதறிப்போய்ச் சமையலறைக்குள் நுழைந்தேன். மேசையில், மின்சாரக் கட்டணக் கடித உறையின் பின்பக்கத்தில், அவருடைய வட்ட வட்ட எழுத்து:

"லைப்ரரியில நிக்கிறன். பிறகு கடைக்கும் போவன். தேட வேண்டாம். சோறு வடிச்சு வைச்சிருக்கு, பிள்ளைக்குப் போட்டுக் குடு."