லொறி வருமுன்

தோட்டத்தில் வீடு மாறுகிறவர்கள் முதலில் எடுத்துவைக்க வேண்டியது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் காகிதங்களை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதித் துண்டு, பிள்ளைகளின் கிளினிக் கொப்பி. ஹல்துமுல்லைப் பக்கத்து லயக் காம்பராவிலிருந்து அம்மாவை ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய புதுவீட்டுக்குக் கூட்டிப்போக நாள் குறித்தபோது, நான் பட்டியலில் முதலாவதாக எழுதியது அந்தக் காகிதங்களைத்தான். அம்மா கணக்கு வேறு. "மொதல்ல சாமி படமும் உப்பும் மஞ்சளும் போவட்டும். காயிதம் எங்க ஓடிறப் போவுது?"

காகிதம் ஓடவில்லைதான். ஆனால் ஒன்றோடு ஒன்று ஒத்துவரவும் இல்லை. ஒன்றில் அம்மாவின் பெயர் 'ஆயி' என்று முடிந்தது, இன்னொன்றில் 'அம்மா' என்று. மூன்றாவதில், யாரோ ஒரு எழுதுவினைஞர் தன் காதில் விழுந்ததைச் சிங்கள உச்சரிப்பிலேயே எழுதிவைத்திருந்தார். காணிக்கான கடிதத்தில் எந்தப் பெயரைப் போடுவது? அதற்காகக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் நடந்த நடைக்குப் பக்கத்தில், சாமான் கட்டியது ஒரு வேலையே இல்லை.

ஒரு காம்பராவும் இஸ்தோப்பும்தானே, என்ன சாமான் இருந்துவிடும் என்று நினைப்பீர்கள். பரணில் ஏறினால் தெரியும். ஓட்டைத் தகர வாளி, கிழிந்த கம்பளி, அப்பாவின் கவ்வாத்துக் கத்தி, போன தேர்தலுக்கு முந்திய தேர்தலின் சுவரொட்டி. எதையும் அம்மா எறிய விடவில்லை. எடுத்துப்போக முடியாதவையும் இருந்தன. கோடிப்பக்கத்து மரவள்ளியைத் தோண்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாயிற்று. சவ்சவ் கொடியை என்ன செய்வது? பிஞ்சு விட்டிருந்தது. அம்மா அடுத்த காம்பரா அக்காவிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டு, காய்க்கும்போது பாதி அனுப்பச் சொன்னார்.

லயத்து வாசலுக்கு லொறி வராது. கோயிலடியில் நிற்கும். அங்கு வரைக்கும் படியேறி, தலைச்சுமைதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் வீடு மாற நினைக்காதீர்கள். கிழமை நாளில் எல்லாரும் மலையில் நிற்பார்கள், தூக்க ஆள் கிடைக்காது.

நம் ஆட்களுக்கு இடம் மாறுவது புதிதல்ல. ஒரு காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகக் கையில் 'துண்டு' வேண்டும். பட்ட கடனைத் தீர்க்காமல் அது கிடைக்காது. 1921ல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். பிறகு 1964ன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இந்தியாவுக்குக் கடல் கடந்த குடும்பங்கள் எத்தனை! இதிலெல்லாம் எப்போது போவது, எங்கே போவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவர்கள் வேறு யாரோ.

அந்தக் கதையின் கொடிய பக்கம் எங்கள் பிரதேச செயலகப் பிரிவிலேயே இருக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் உண்டு என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்தவர்களை இழந்தார்கள். தப்பிய குடும்பங்கள் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவேண்டியதாயிற்று. பூனாகலை மாக்கல்தெனியவில் கட்டிய 75 வீடுகள் கைக்கு வந்தது 2016 ஒக்டோபரில். 2023 மார்ச்சில் அதே பூனாகலையின் கபரகலையில் மறுபடியும் மண் சரிந்தது.

'சொன்னோம், அவர்கள் எழும்பவில்லை' என்று சிலர் இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், அவர்களுக்கென்று காணியும் இல்லை. எழும்பு என்றால் எங்கே போய் இறங்குவது? காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பிரட்டுக்கு எத்தனை மைல் நடப்பது? பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேரும்? தண்ணீர் எங்கிருந்து வரும்? இவற்றுக்குப் பதில் இல்லாத அறிவித்தல் எச்சரிக்கையாக இருக்கலாம், வீடு மாற்றத் திட்டம் ஆகாது. ஒரு காம்பராவைக் காலிசெய்யவே எங்களுக்கு இவ்வளவு யோசனை தேவைப்பட்டது என்றால், தோட்டத்தின் ஒரு பிரிவு முழுவதையும் நகர்த்த எவ்வளவு வேண்டும்!

புதுவீட்டில் அம்மா பால் காய்ச்சினார். கதவில் இலக்கம் இருக்கிறது. ஆனால் கடிதம் இன்னும் பழையபடி தோட்டத்து ஒப்பீசுக்கே போகிறது. அதற்கும் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.

உங்கள் லயத்துக்கு அபாய அறிவித்தல் வந்திருந்தால், ஐப்பசி மழைக்கு முன்னமே காகிதங்களைப் பொலித்தீன் பையில் போட்டு வாசலுக்குப் பக்கத்தில் மாட்டிவையுங்கள். மாற்றுக் காணி கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.