பாதிப் பாட்டு

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் ஜப்பானியக் கணினி விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சென்ற தீபாவளி வரையில் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைதான்.

அன்று வீடு நிறைய உறவினர்கள். மூன்றாம் படிவத்தில் படிக்கும் என் மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இந்தப் பாட்டைக் கேளுங்க" என்றான். கேட்டேன். தகரக் குவளைக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல் இருந்தது. "இதுக்குத்தானா ராத்திரியெல்லாம் கண் முழிக்கிற?" என்று சிரித்துவிட்டேன். மைத்துனரும் சேர்ந்து சிரித்தார். பையன் ஒன்றும் பேசாமல் கணினியை மூடி எடுத்துக்கொண்டு போனான். அதன்பின் கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

பள்ளி விடுமுறையில் அவன் மேசையைத் துடைத்தபோது ஒரு தாள் கிடைத்தது. "சத்தம் சரியில்லை. ஏன்?" என்று எழுதி, அடிக்கோடிட்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. குறை இருப்பது அவனுக்கும் தெரிந்திருக்கிறது. நான்தான் ஏன் என்று கேட்கவில்லை.

அன்றிரவே உட்கார்ந்துவிட்டேன். 1982இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வெளியிட்ட பிசி-9801 வரிசைக் கணினிகளுக்காகச் செய்த விளையாட்டு அது. இன்றைய கணினியில் அப்படியே ஓடாது. பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள் வேண்டும். அதைத்தான் எமுலேட்டர் என்கிறார்கள். மகன் வைத்திருந்தது நெக்கோ புராஜெக்ட் 2. நெக்கோ என்றால் பூனையாம். நடிகன் கெட்டிக்காரன்தான், ஆனால் எந்த வேடம் என்று நாம் சொல்ல வேண்டும்.

அந்தக் கணினி ஜப்பானிய எழுத்துகளைத் தன் சில்லுக்குள்ளேயே வைத்திருந்தது. அதற்கு ஈடான எழுத்துருக் கோப்பு இல்லாததால் பேச்சு வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதைச் சேர்த்தேன். அடுத்தது வேகம். அடிப்படை 2.4576 மெகாஹெர்ட்ஸ், அதை எத்தனையால் பெருக்குவது என்று நாம் குறிக்க வேண்டும். மகனின் அமைப்பில் 4 என்றிருந்தது. பத்துக்கும் குறைவு! விளையாட்டு நத்தையாய் ஊர்ந்ததில் வியப்பில்லை. 27ஆல் பெருக்கினால் 66.3552 வருகிறது, 1990களின் 486 இயந்திரங்களில் கண்ட வேகம். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தே பிழைக்கிறவனுக்கு இது பிடித்த வேலை.

பாட்டு மட்டும் மசியவில்லை. இரண்டு இரவுகள் போயின. அக்காலக் கணினியில் ஒலிக்கென்று தனிப் பலகை செருகுவார்கள். நாங்கள் 26கே என்ற பழைய பலகையைக் குறித்திருந்தோம், அதில் எஃப்.எம். குரல்கள் 3. பின்னால் வந்த 86 பலகையில் 6. ஆக, பாட்டில் பாதியைக் கேட்டுவிட்டுத்தான் நான் சிரித்திருக்கிறேன். இந்தத் தோஹோ விளையாட்டுகளைச் செய்த ஸூன் என்பவர், தம் இசைக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் விளையாட்டே செய்யத் தொடங்கினாராம். முதல் ஐந்தும் இந்தக் கணினிக்கே. ஐந்தாவது 1998இல் வந்தது. அந்த மனிதரையும் சேர்த்தல்லவா நான் கேலி செய்தேன்!

86 என்று மாற்றினேன். அதே வண்டுதான். எமுலேட்டரை மறுதொடக்கம் செய்தால்தான் மாற்றம் பிடிக்கும் என்பது அரைமணி நேரம் கழித்தே புரிந்தது. செய்தேன்.

அடியில் ஒரு குரல் நடக்க, மேலே ஒன்று ஏற, நடுவில் ஒன்று வந்து இழைந்தது. சத்தத்தைக் குறைக்க மறந்துபோனேன்.

அறைக் கதவு திறந்தது. மகன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். பாட்டு ஒரு சுற்று முடியும்வரை பேசவில்லை.

"படத்தை அகலமா இழுத்துட்டீங்கப்பா" என்றான் பிறகு. "640க்கு 400தான் அதோட அளவு. பாருங்க, மூஞ்சியெல்லாம் சப்பையா இருக்கு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன்.